நூலகத் திறப்பு யாரிடம்? அதிபரும் நூலகரும்: ஓர் எளிய விளக்கம்

ஒரு பாடசாலை நூலகம் நன்றாக இயங்குகிறதா என்று அறிய விரும்புபவர் இறாக்கைகளை எண்ண வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குப் போய்க் கதவைப் பார்த்தால் போதும். பூட்டியிருந்தால், திறப்பு யாரிடம் என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். "அதிபர் சேரின் மேசை லாச்சியில் இருக்கிறது" என்பது ஒரு வகைப் பதில். "நூலக மிஸ்ஸிடம் இருக்கிறது, அவர் தரம் ஒன்பதில் கணக்குப் பாடம் எடுக்கிறார்" என்பது இன்னொரு வகை. எந்தப் பதில் வந்தாலும் பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. அதற்கான காரணத்தை நூலக அறைக்குள் தேடிப் பயனில்லை. அதிபரும் நூலகரும் தமக்குள் எதைப் பேசி முடித்திருக்கிறார்கள், எதைப் பேசாமலே விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த இருவருக்கும் இடையிலான உறவைப் பற்றியது. புதிதாக நூலகப் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்கள், புதிதாக அதிபர் கதிரையில் அமர்ந்தவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து "நூலகம் எப்போது திறக்கும்?" என்று கேட்க நினைத்துக் கேட்காமல் போகும் பெற்றார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைச் சூழலை மனதில் வைத்தவை.

யார் இந்த இருவர்?

அதிபரை விளக்கத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் நூலகத்தைப் பொறுத்தவரை அவர் யார் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அதிபர்கள் இலங்கை அதிபர் சேவையைச் சேர்ந்தவர்கள். பெரிய பாடசாலைகள் சிலவற்றில் கல்வி நிர்வாக சேவை உத்தியோகத்தர் இருப்பார். ஆளில்லாத இடங்களில் மூத்த ஆசிரியர் ஒருவர் கடமை நிறைவேற்று அதிபராக வண்டியை இழுத்துக்கொண்டிருப்பார். தேசிய பாடசாலை என்றால் மேலே கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் கல்விக் கோட்டம், கல்வி வலயம், கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம். யாராக இருந்தாலும் நான்கு விடயங்கள் அவர் கையில் இருக்கின்றன: நேரசூசி, பணம், ஆட்களுக்கு வேலை பிரித்தல், அரச சொத்துக்கான பொறுப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும் அவரே.

நூலகர் என்பவரைச் சொல்வதுதான் கடினம். அந்தப் பெயருக்குள் பலவகை ஆட்கள் இருக்கிறார்கள். முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரிய நூலகர் ஒருவகை. 1999ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் உருவான தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் இவர்களுக்கான பயிற்சிநெறிகளை நடத்துகிறது. 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைப் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. இன்னொரு வகை, தமிழோ சமூகக்கல்வியோ கற்பிக்கும் ஆசிரியர். பாட அட்டவணையோடு சேர்த்து "நூலகப் பொறுப்பு" என்று ஒரு வரி அவர் கடமைப் பட்டியலில் ஏறியிருக்கும். சில பாடசாலைகளில் பட்டதாரி நியமனத்தில் வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் நூலகத்தில் அமர்த்தப்பட்டிருப்பார். இவர்களுள் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கம் தெரிந்தவர் இருப்பார், தெரியாதவர் இருப்பார். புத்தகம் வாசிப்பவர் இருப்பார், வாசிக்காதவரும் இருப்பார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1990களின் இறுதியில் உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த இரண்டாவது பொதுக் கல்விச் செயற்றிட்டம் நாடெங்கும் பாடசாலை நூலகங்களை அமைக்கவும் நூல்கள் வாங்கவும் உதவியது. அறை வந்தது, இறாக்கை வந்தது, நூல்களும் வந்தன. அவற்றைப் பிள்ளையின் கையில் சேர்க்கும் முழுநேர ஆள் எல்லா இடத்துக்கும் வரவில்லை. பிள்ளைக்குப் புத்தகம் போய்ச்சேருவது அன்றிலிருந்து அதிபரும் பொறுப்பாசிரியரும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதில் தங்கிவிட்டது.

அதிபருக்கு ஏன் தெரிவதில்லை?

நூலகர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "எங்கள் அதிபருக்கு நூலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்பது. பெரும்பாலும் உண்மை. அது அவர் குற்றமும் இல்லை. அவர் படித்த காலத்துப் பாடசாலையில் நூலகம் பூட்டிய அலுமாரியாக இருந்திருக்கலாம். ஆசிரியர் பயிற்சியில் நூலகம் ஒரு ஓரத்துத் தலைப்பு. அதிபர் சேவைக்கான பரீட்சைக்கு அவர் படித்தது நிர்வாகமும் முகாமைத்துவமும், அரச ஊழியருக்கான விதிகளான தாபனக் கோவையும், அரச பணத்துக்கான விதிகளான நிதிப்பிரமாணமும்தான். கெரி ஹார்ட்செல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய துறை கல்வி நிர்வாகம். நூலகரின் வேலை இயல்பாகவே வெளியில் தெரியாத வேலை என்பது அவர் கருத்து. மாணவி நல்ல கட்டுரை எழுதினால் பாராட்டு தமிழ் ஆசிரியருக்குப் போகிறது. அந்தக் கட்டுரைக்கான நூலை மூன்று நாள் தேடி எடுத்துக் கொடுத்தவரை யாரும் நினைப்பதில்லை. கண்ணில் படாத வேலைக்கு அதிபர் நேரமும் பணமும் ஒதுக்கமாட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான்.

கீத் கறி லான்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட, அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பாடசாலை நூலகங்கள் பற்றிய ஆய்வும் இதோடு சேர்த்துப் பேசப்படுவது. நூலக ஆளணியும் நூல்களும் நன்றாக உள்ள பாடசாலைகளில் வாசிப்புப் புள்ளிகள் உயர்ந்திருந்தன, குடும்ப வருமான வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பின்பும் அந்தத் தொடர்பு நின்றது என்று அது காட்டியது. தொடர்பு என்பது காரணம் ஆகாது. கொலராடோவும் மட்டக்களப்பின் வெல்லாவெளியும் ஒன்றல்ல. ஆகவே அதைக் கொண்டுபோய் அதிபரின் மேசையில் வைத்து "பாருங்கள் சேர்" என்பதால் ஒன்றும் நடக்காது. அவருக்குத் தேவையானது அவருடைய பிள்ளைகளைப் பற்றிய தகவல். அதைத் தரக்கூடிய ஒரே ஆள் நூலகர். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

பயம்

இந்த உறவின் நடுவில் நிற்பது பயம் என்பது என் கருத்து. விருப்புவெறுப்பைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்பேன். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

புதிய நூல் ஒன்று பாடசாலைக்கு வந்ததும் சேர்வுப் பதிவேட்டில் ஏறுகிறது. நீளமான பெரிய புத்தகம். ஒரு வரிக்கு ஒரு நூல். திகதி, சேர்விலக்கம், ஆசிரியர், தலைப்பு, வெளியீட்டாளர், பதிப்பாண்டு, விலை, வாங்கியதா அன்பளிப்பா என்ற விபரம், கடைசியில் ஒடுக்கமாக ஒரு குறிப்பு நிரல். அதே இலக்கம் நூலின் முதற்பக்கத்தின் பின்புறத்தில் இறப்பர் முத்திரையோடு எழுதப்படும். அந்தக் கணத்தில் நூல் அரச சொத்தாகிவிடுகிறது. மேசை, கதிரை, தையல் இயந்திரம் போல அதுவும் ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்புக்கு உட்பட்டது. கணக்கெடுக்க வருபவர்கள் பதிவேட்டை ஒரு பக்கமும் இறாக்கையை மறுபக்கமும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். இல்லாத நூலுக்கு விளக்கம் கேட்கப்படும். விளக்கத்தில் கையொப்பமிட வேண்டியவர் அதிபர். அதற்கு முன் அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் நூலகர்.

இப்போது இருவர் இடத்திலும் இருந்து யோசித்துப் பாருங்கள். நூறு பிள்ளைகள் புத்தகம் எடுத்து வாசித்தால் யாரும் பாராட்டுக் கடிதம் அனுப்பப்போவதில்லை. பத்துப் புத்தகம் தொலைந்தால் கேள்வி வரும். இந்தக் கணக்கில் கெட்டிக்காரத்தனமான முடிவு எது? பூட்டி வைப்பது. எத்தனையோ நூலகங்களில் இருபது ஆண்டு பழைய நூல் முதுகு வெடிக்காமல் புதிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பிறகு மார்கழி மழை வருகிறது. ஓட்டு இடுக்கால் ஒழுகுகிறது. பூட்டிய அறையில் ஈரம் தங்குகிறது, கறையான் சுவர் வழியாக ஏறி இறாக்கையின் பின்பலகையைப் பிடிக்கிறது. பிள்ளை தொட்டுவிடக்கூடாது என்று காப்பாற்றிய நூலைப் பூச்சி வாசித்து முடிக்கிறது. அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். ஆனால் அந்த விளக்கம் எளிது, கறையானுக்கு யாரும் தண்டம் போடுவதில்லை.

இந்தப் பயத்துக்குத் தைரியம் மருந்தாகாது. தேவையானது எழுத்தில் ஒரு ஏற்பாடு. முதல் வேலை, "இல்லாத நூல்" என்ற ஒரே பெட்டிக்குள் கிடப்பவற்றைப் பிரிப்பது. இரவலில் வெளியே இருக்கும் நூல் தொலைந்த நூல் ஆகாது. கிழிந்து தேய்ந்த நூலும் தொலைந்த நூல் ஆகாது. அது தன் வேலையைச் செய்து முடித்த நூல். அதைக் கணக்கெடுப்புக் குழுவின் முன் தனியாக அடுக்கி வைத்து, கழித்துவிடும்படி பரிந்துரை பெற்று, குறிப்பு நிரலில் அதை எழுதி முடிக்கலாம். உண்மையில் தொலைந்ததற்கு என்ன நடைமுறை என்பதை, பிள்ளையிடம் அதே நூலை வாங்குவதா, விலையை அறவிடுவதா, வசதியில்லாத பிள்ளை என்றால் என்ன செய்வது என்பதையெல்லாம், அதிபர் ஆண்டின் தொடக்கத்திலேயே நூலகக் குழுவில் பேசி எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாள் போதும். அந்தத் தாள் இருந்தால் நூலகர் நூலை வெளியே விடுவார். இல்லாவிட்டால், "பிள்ளைகளுக்குக் கொடுங்கள் மிஸ்" என்று அதிபர் வாயால் எத்தனை தரம் சொன்னாலும் கொடுக்கமாட்டார். வாயால் சொன்னவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், பதிவேடு இங்கேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நூலகர்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். "அதிபர் விடுகிறார் இல்லை" என்று சொல்லிக்கொண்டே, தாமாகவே கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டு, பிள்ளை கேட்ட நூலைத் தாமே எடுத்துக் கொடுத்து, கைபட்டால் அழுக்காகும் என்று கடிந்துகொள்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் நல்ல அதிபர் வந்து சேர்ந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது.

நேரசூசியில் ஓர் இடம்

பாடசாலை நாளில் பாடவேளைகள் சிலவே. கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி, ஆங்கிலம், சமயம் எல்லாம் தம் இடத்தைப் பிடித்த பிறகு நூலகப் பாடவேளைக்கு இடம் தேடுவது, கலியாண வீட்டுப் பந்திக்குப் பிந்தி வந்தவருக்குக் கதிரை தேடுவது போன்றது. கிடைத்த கதிரையும் தவணைப் பரீட்சை நெருங்கும்போது பறிபோகும். விஞ்ஞான ஆசிரியர் பாடத்திட்டம் முடியவில்லை என்று கேட்பார், அதிபர் கொடுத்துவிடுவார். புலமைப்பரிசில், சாதாரண தரப் பெறுபேறுகளை வைத்து வலயம் அவரைக் கேள்வி கேட்கும் காலத்தில் அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர் வராத நாள். ஆசிரியர் லீவு எடுத்தால் அந்த வகுப்பை நூலகத்துக்கு அனுப்புவார்கள், அல்லது நூலகரை அந்த வகுப்புக்கு அனுப்புவார்கள். முதலாவதில் நூலகம் பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் இடமாகிறது. நாற்பது பேர் உள்ளே வந்து பத்திரிகையைக் கிழித்து விளையாடிவிட்டு மணி அடித்ததும் போகிறார்கள். இரண்டாவதில் நூலகம் பூட்டப்படுகிறது. நூலகரின் கடமைப் பட்டியலில் அவருக்கு எத்தனை பாடவேளை கற்பித்தல், எத்தனை பாடவேளை நூலகம் என்று அதிபர் தெளிவாக எழுதி, நூலகப் பாடவேளைகளை வேறு வேலைக்கு எடுப்பதில்லை என்று பிரதி அதிபருக்கும் பகுதித் தலைவர்களுக்கும் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலின் பாதி தீரும். மீதிப் பாதிக்கு இடைவேளை இருக்கிறது. இடைவேளையில் நூலகம் திறந்திருக்கும் என்றால், தரம் பத்து, பதினொன்று மாணவர்களில் நான்கு பேரைப் பொறுப்பாக்கி இரவல் கொடுக்கவும் திரும்ப எடுக்கவும் பழக்கலாம். அதற்கும் அதிபரின் ஒப்புதல் வேண்டும், ஏனெனில் திறப்பு ஒரு மாணவன் கையில் போகிறது.

தரம் ஆறுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை நூலகம் கேட்கப்போகும் ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் அதிபர் அறைக்குள் போய், "சேர், வாசிப்பு மிகவும் முக்கியம், நூலகத்துக்கு நேரம் தாருங்கள்" என்றால், அதிபர் தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்தை எடுப்பார். அதே ஆசிரியை, "சேர், தரம் ஆறில் வந்து சேர்ந்த பிள்ளைகளில் பதினொரு பேர் ஒரு பந்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள் இல்லை. வகுப்பாசிரியரோடு சேர்ந்து பார்த்தேன், பெயர்ப் பட்டியல் இதோ. வியாழன் ஆறாம் பாடவேளை அவர்களுக்குச் சித்திரம் இருக்கிறது, சித்திர ஆசிரியர் மாறி எடுக்கச் சம்மதித்துவிட்டார். நீங்கள் நேரசூசியில் கையொப்பமிட்டால் திங்கட்கிழமை தொடங்கலாம்" என்று சொன்னால், அதிபர் பேனாவை எடுப்பார். இரண்டாவது பேச்சில் அவர் யோசிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அதிபர்கள் நாள் முழுவதும் பிரச்சினைகளையே கேட்பவர்கள். முடிவோடு வருபவரைக் கண்டால் அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

மாதம் ஒரு பக்கம்

மேலே சொன்ன, அதிபர் கண்ணில் படாத வேலையை அவர் கண்ணுக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்த மிக எளிய வழி இது: மாத இறுதியில் ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதி அதிபரிடம் நேரில் கொடுப்பது. "இம்மாதம் இரவல் வழங்கிய நூல்கள் 212" என்று மட்டும் எழுதினால் அதை அவர் கோவையில் போட்டுவிடுவார். எண்ணோடு பிள்ளையும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "தரம் எட்டில் 34 பேரில் ஒன்பது பேர் இத்தவணையில் ஒரு நூலும் எடுக்கவில்லை. ஒன்பது பேரும் பஸ்ஸில் வருபவர்கள், இடைவேளையில்தான் வரலாம், அப்போது நூலகம் பூட்டியிருக்கிறது" என்று எழுதினால் அது ஒரு முடிவைக் கேட்கிறது. உயர்தரக் கலைப்பிரிவு மாணவர் எந்த உசாத்துணை நூலைத் தேடி வந்து இல்லாமல் திரும்பினர் என்று எழுதினால், அடுத்த கொள்வனவுப் பட்டியல் அங்கேயே தயாராகிவிடுகிறது. அதிபர் இந்தப் பக்கத்தை ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு நிமிடம் வாசித்தால் நூலகர் யார் என்பது ஆசிரிய அறைக்கும் தெரியவரும்.

பதிலாக அதிபர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செலவில்லாதது. வாரத்தில் ஒருநாள் நூலகத்துக்குப் போய், தன் பெயரில் ஒரு நூலை இரவல் எடுத்து, கையில் பிடித்தபடி மைதானத்தைக் கடந்து நடந்து வருவது. காலைக் கூட்டத்தில் வாசிப்பின் மேன்மை பற்றி நிகழ்த்தும் உரையைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பணமும் பெட்டிகளும்

கற்றல் பொருட்களுக்கென்று அரசு தரும் தர உள்ளீட்டுப் பணம், அபிவிருத்திச் சங்கப் பணம், பழைய மாணவர் தரும் பணம் என்று வழிகள் சில உண்டு. எல்லாமே அதிபரின் கையெழுத்தோடு நகர்பவை. அவசரத்தில் வாங்கும்போது கடைக்காரர் காட்டும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் குறிப்புப் புத்தகங்களும் வந்து நிறைகின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏழாம் தரப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வேண்டும், அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அன்பளிப்பு தனிக் கதை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு நாவலடி, கல்லடி முதல் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை எத்தனையோ பாடசாலைகள் நூலகத்தை இழந்தன அல்லது பாதியாக மீட்டன. உதவி என்று உலகம் முழுவதிலிருந்தும் பொருட்கள் வந்தன. இன்றும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அழைத்து, "சேர், பாடசாலைக்குப் புத்தகம் அனுப்பவா?" என்று கேட்கிறார். மனமுவந்து கேட்பவரிடம் வேண்டாம் என்று எந்த அதிபர் சொல்வார்? பெட்டி வருகிறது, உள்ளே பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியமும் காலாவதியான கணினி நூலும். அவையும் சேர்வுப் பதிவேட்டில் ஏறி இறாக்கையை அடைத்து, பிறகு கழிக்கவும் முடியாமல் கிடக்கின்றன. அதிபரின் தொலைபேசியில் நூலகர் தயாரித்த "எங்களுக்கு வேண்டிய நூல்கள்" பட்டியல் ஒன்று எப்போதும் இருந்தால், அந்த அழைப்பு வந்த உடனேயே அனுப்பிவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் வரும் தேசிய வாசிப்பு மாதத்துக்கு முன் அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டால், கண்காட்சிக்கும் பரிசளிப்புக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி நூலாக மாறும். சொல்லப்போனால் அந்த மாதத்தில் பதாகைக்குச் செலவாவது அதிகம்.

ஒரு கிளைக்கதை

காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலானந்தரும், சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் முன்னோடியான இரங்கநாதனும் ஒரே 1892ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரான 1931ஆம் ஆண்டில்தான் இரங்கநாதனின் நூலக ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிர். உலகத்து நூலகவியல் மாணவர்கள் இன்றும் இவற்றைப் படிக்கிறார்கள்.

இதில் நம் தலைப்புக்கு வேண்டியது வேறொரு விபரம். இரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும், ஆளரவமற்ற அறையில் தனியாக உட்கார்ந்திருக்கச் சலித்து, பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று நிர்வாகத்திடம் கேட்டார். இலண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று ஓர் உடன்பாடு. போனவர் அங்கே நூலகங்கள் ஊரோடு சேர்ந்து இயங்குவதைப் பார்த்தார். திரும்பி வந்து நூலகத்திலேயே தங்கிவிட்டார். நூலகப் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று வரும் ஆசிரியரிடம் ஓர் அதிபர் செய்யக்கூடியதும் இதுதான். "சரி, வேறு ஆளைப் போடுகிறேன்" என்று சொல்வதற்கு முன், ஒரு பயிற்சிநெறிக்கு அனுப்ப வலயத்தோடு பேசலாம். அல்லது அருகில் நன்றாக இயங்கும் ஒரு பாடசாலை நூலகத்துக்கு ஒருநாள் கடமை லீவில் அனுப்பலாம்.

நூலகரே இல்லாத இடத்தில்

இதுவரை சொன்னதெல்லாம் கல்முனை, மட்டக்களப்பு நகரம் போன்ற, கடலோரமான எழுவான்கரைப் பெரிய பாடசாலைகளுக்கு நன்றாகப் பொருந்தும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல்வெளி நடுவே ஏழெட்டு ஆசிரியர்களோடு இயங்கும் சிறிய பாடசாலையில் அதிபரே இரண்டு வகுப்புக்குப் பாடம் எடுப்பார். அங்கே நூலக அறையும் இல்லை, நூலகரும் இல்லை. அதற்காகக் கேள்வி இல்லாமல் போவதில்லை: அதிபர் என்ற ஆளுக்குள்ளேயே நூலகர் என்ற இன்னோர் ஆளும் இருக்க வேண்டியிருக்கிறது, பயப்படுபவரும் அவரே, துணிய வேண்டியவரும் அவரே. இப்படிப்பட்ட இடத்தில் அறைக்காகக் காத்திருக்காமல் நூல்களை வகுப்பறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. வகுப்பாசிரியர் பெயரில் முப்பது நூல், ஒரு கொப்பியில் இரவல் பதிவு, தவணை முடிவில் வகுப்புகளுக்கிடையே மாற்றம். பிரதேச சபை நூலகம் பஸ் தூரத்தில் இருந்தால், பிள்ளைகள் அங்கத்துவம் பெற அதிபர் ஒரு கடிதத்தோடு நூலகரைப் போய்ச் சந்திக்கலாம். இணைய வசதி உள்ள இடத்தில், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலவசமாக வாசிக்கத் தரும் "நூலகம்" என்ற இணையத்தளம் உயர்தர மாணவருக்கும் ஆசிரியருக்கும் பெரிய உசாத்துணை.

முஸ்லிம் பாடசாலைகளில் இன்னோர் ஏற்பாடு தேவைப்படும். நோன்பு கால விடுமுறையில் நூலகம் தொடர்ந்து மூடிக் கிடக்கிறது. விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று நூல் வரை விடுமுறை இரவலாகக் கொடுக்க அதிபர் அனுமதித்தால் அந்தக் காலமும் வாசிப்புக் காலமாகும். தொலைந்துவிடுமே என்று கேட்பவருக்கு, மேலே சொன்ன அந்த ஒரு தாள்தான் பதில்.

இடமாற்றம்

கடைசியாக, பலரும் கவனிக்காத ஓர் இடம். நல்ல உறவு இரண்டு மனிதர்களுக்கிடையே மட்டும் இருந்தால், ஒருவர் இடமாற்றம் பெற்றதும் நூலகம் பழைய நிலைக்குப் போய்விடும். அதிபர் மாறும்போது பாடசாலையின் சொத்து, கணக்கு எல்லாம் ஒப்படைக்கப்படுகின்றன. நூலகத்துக்கென்று அந்த ஒப்படைப்பில் வழக்கமாக இருப்பது மொத்த நூல்களின் எண்ணிக்கை ஒன்றே. அதோடு நூலகக் குழுத் தீர்மானங்களின் பிரதி, இரவல் நடைமுறைத் தாள், நூலகரின் பாடவேளை ஒதுக்கீடு, கழிக்கப் பரிந்துரைத்த நூல்களின் பட்டியல் ஆகியவற்றையும் இணைக்கும்படி நூலகர் கேட்டுக்கொள்ள வேண்டும். புதிய அதிபர் வந்த முதல் வாரத்திலேயே அவரை நூலகத்துக்கு அழைத்துப் போய் இவற்றைக் காட்டி, தொடர்வதாக ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பிந்தினால் அவருக்கு முன்னால் வேறு கோவைகள் குவிந்துவிடும். மாறிப்போவது நூலகர் என்றால், பொறுப்பேற்பவர் கையொப்பமிடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: அன்றைய திகதியில் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் இரவலில் உள்ள நூல்களின் பெயர்ப் பட்டியல், அதிபரின் கையொப்பத்தோடு. அது இல்லாவிட்டால் வெளியே இருக்கும் நூல்கள் எல்லாம் அடுத்த கணக்கெடுப்பில் புதியவர் தொலைத்த நூல்களாகப் பதிவாகும்.